வாசகர் கேட்டவை: உமியில் மின்சாரம், மிஞ்சும் ஆவியில் நெல்

கேள்வி: வெப்பத்தையும் மின்சாரத்தையும் சேர்த்து உற்பத்தி செய்யும் நிலையங்களின் வினைத்திறன் 80 சதவீதம் என்று ஒரு விற்பனைக் கையேட்டில் படித்தேன். நிலக்கரி அனல்மின் நிலையங்களே 40 சதவீதத்தை ஒட்டி நிற்கும்போது இது எப்படிச் சாத்தியம்? எங்கள் நெல் ஆலையில் உமியைக் கொண்டு இதைச் செய்யலாமா?
– வாசகர், சம்மாந்துறை

பதில்: கையேடு பொய் சொல்லவில்லை, ஆனால் தரத்தில் வேறுபட்ட இரண்டு சக்திகளை ஒன்றாகக் கூட்டியிருக்கிறது. 1824 இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் சாடி கார்னோ வகுத்த எல்லை, வெப்பத்திலிருந்து பெறக்கூடிய வேலைக்கு, அதாவது இயந்திரத்தை ஓட்டும் சக்திக்கு, மட்டுமே உரியது. 540 பாகை செல்சியஸில் நீராவியைப் பெற்று 40 பாகையில் ஒடுக்கும் நிலையத்துக்கு அந்த எல்லை ஏறத்தாழ 61 சதவீதம். நடைமுறையில் கிடைப்பது அதைவிட வெகு குறைவு. மீதியில் பெரும்பகுதி குளிரூட்டும் நீரோடு வெளியேறிவிடுகிறது. கூட்டு உற்பத்தி நிலையம், அவ்வாறு வீணாகும் வெப்பத்துக்கு ஒரு வேலையைக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

100 அலகு எரிபொருளிலிருந்து 25 அலகு மின்சாரமும் 55 அலகு வெப்பமும் கிடைத்தால், கூட்டுத்தொகை 80. ஆனால் சூழல் 30 பாகையாக இருக்கையில், 110 பாகை வெப்பத்தில் வேலையாக மாற்றக்கூடியது ஐந்தில் ஒரு பங்கே. அப்படிப் பார்த்தால் அந்த 55 அலகின் மதிப்பு ஏறத்தாழ 11 அலகு வேலைதான். 80 என்பது 36 ஆக இறங்கிவிடும். என் பார்வையில் நேர்மையான அளவுகோல், மிச்சமாகும் எரிபொருள். அதே மின்சாரத்தை 35 சதவீத நிலையத்திலும், அதே வெப்பத்தை 80 சதவீதக் கொதிகலனிலும் தனித்தனியே பெற்றால் 140 அலகு எரிபொருள் வேண்டும். இங்கே 100 போதும். இந்த 40 அலகுதான் உண்மையான இலாபம்.

இனி உங்கள் ஆலை. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி என்பதால் எரிபொருளுக்குப் பஞ்சமில்லை. நீராவியின் அமுக்கம்தான் சிக்கல். 10 பார் அமுக்கத்திலுள்ள நிரம்பிய (கொதிநிலைக்கு மேல் சூடேற்றப்படாத) நீராவி 1 பாருக்கு விரியும்போது, இழப்பே இல்லாவிட்டாலும், கிலோவுக்கு 390 கிலோயூல் வேலைதான் தரும். ஆவியால் சுழன்று மின்சாரம் பிறப்பிக்கும் சிறிய சுழலி (டர்பைன்) அதில் பாதியைப் பெற்றாலே பெரிது. கொதிகலனின் இழப்பையும் சேர்த்தால், உமியின் சக்தியில் 6 அல்லது 7 சதவீதமே மின்சாரமாகும். வெளிவரும் ஆவியிலோ கிலோவுக்கு 2,000 கிலோயூலுக்கு மேற்பட்ட மறைவெப்பம் (ஆவி நீராகும்போது வெளிவிடும் வெப்பம்) அப்படியே இருக்கும். நெல் அவிக்கவும் உலர்த்தவும் அது தாராளமாகப் போதும். ஆகவே மின்கட்டணத்தைப் பார்த்துச் சுழலியின் அளவைத் தீர்மானிக்காதீர்கள். அவியலுக்கு மணிக்கு எவ்வளவு ஆவி செலவாகிறது என்பதை முதலில் அளந்துகொள்ளுங்கள். பெரும்போக நெல் தீர்ந்து, சிறுபோகம் வரும்வரை அவியல் நின்றிருக்கும் வாரங்களில் சுழலியை மட்டும் ஓட்டினால், அந்த 6 சதவீதமே உங்கள் முழு வினைத்திறன்.

கேள்வி: அப்படியானால் ஹிங்குரான போன்ற சீனி ஆலைகளுக்கு மட்டும் இம்முறை ஏன் பொருந்துகிறது?
– வாசகர், அம்பாறை

பதில்: கரும்பு அரைக்கும் பருவத்தில் சாற்றை வற்றவைக்க இரவுபகலாகத் தாழமுக்க ஆவி தேவை, அரவைக்கும் அதே நேரத்தில்தான் மின்வலு தேவை. எரிபொருளான சக்கையும் அங்கேயே விழுகிறது. பாதி எடை ஈரமாக இருந்தும் அது எரிகிறது; புகைபோக்கி வெப்பத்தால் சிறிது உலர்த்தி எரித்தால் ஆவி இன்னும் கூடும்.