நாலு பெட்டரி ரேடியோவும் நம் பாட்டும்

அன்பின் அண்ணா,

பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். உங்கள் எழுத்தைத் தொடர்ந்து வாசிக்கிறேன். ஒருநாள் இளையராஜா, மறுநாள் முரளியின் பந்துவீச்சு, அடுத்த கிழமை ரொட்டிக்குக் கட்டச்சம்பல் இடிப்பது எப்படி என்று போகிறீர்கள். ஏதாவது ஒன்றில் நின்று எழுதக்கூடாதா என்று சில நேரம் தோன்றும்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. கூடப் படித்த யாழ்ப்பாணத்துத் தோழி, "உங்கட ஆக்களின்ர இசை எது?" என்று கேட்டாள். தப்பு மேளம், மன்மதன்-ரதி கதையை ஆடும் காமன் கூத்து என்று சொல்லிவிட்டேன். ஆனால் நான் வளர்ந்தது முழுக்க இந்தியப் படப்பாட்டில். நம் ரசனை இரவல் ரசனைதானே? இப்போது தமிழ்த்தின விழாவுக்கு "மலையகக் கலாசாரம்" என்று ஒரு நிகழ்ச்சி கேட்கிறார்கள். அதிபர், கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டி ஆடும் கூடை நடனம் போடச் சொல்கிறார். எனக்கு மனமில்லை. என்ன செய்யலாம்?

ம., பண்டாரவளை

அன்பின் தங்கச்சி,

கூடை நடனத்தைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். அதை முதலில் எடுத்தால் கோபத்தில் மற்றதெல்லாம் விட்டுப்போகும்.

ஒன்றில் நின்று எழுதச் சொல்கிறீர்கள். நான் வளர்ந்த லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், அதற்கு வசதி இருக்கவில்லை. கரண்ட் வராத காலம். வீட்டில் ஒரு ரேடியோ, அதற்கு நாலு பெரிய பெட்டரி. சம்பளத்துக்கு டவுனுக்குப் போகும்போது வாங்கி வந்தால் அடுத்த சம்பளம் வரை அதுதான் தாங்க வேண்டும். ஆகவே எதைக் கேட்பது என்பது வீட்டில் தினசரி வழக்கு. தாத்தாவுக்குச் செய்தியும் மரண அறிவித்தலும். அது தவறவே கூடாது, ஏனென்றால் சொந்தக்காரர்கள் பதுளையிலிருந்து இரத்தினபுரி வரை ஆளுக்கொரு தோட்டத்தில். தந்தி வந்து சேருமுன் ரேடியோ சொல்லிவிடும். அக்காவுக்குப் பொங்கும் பூம்புனல் பாட்டு நிகழ்ச்சி, அண்ணனுக்குக் கிரிக்கெட், அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை பக்திப் பாட்டு. பெட்டரி இறங்கி, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஆனதும் அதைக் கழற்றி வெயிலில் வைப்பார்கள். ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் வெயிலுக்கு எங்கே போவது? அடுப்புத் திட்டில் வரிசையாக அடுக்கிவிடுவோம். சூடேறியதும் இன்னொரு அரைமணி நேரத்துக்கு உயிர் வரும். அந்த அரைமணியை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் சண்டை.

தடுப்புச் சுவர் கூரை வரைக்கும் போகவில்லை என்பதால் பக்கத்துக் காம்பிராவில் (அறையில்) ஓடுவதும் நம் காதில்தான் விழும். அங்கே எல்.ஆர். ஈஸ்வரி அம்மனை அழைக்க, இங்கே ஒருவர் விக்கெட் விழுந்ததைச் சிங்களத்தில் கத்திச் சொல்வார். நான் சிங்களம் பாடசாலையில் கற்றது கொஞ்சம், கிரிக்கெட் வர்ணனையில் கற்றது அதிகம். இப்படிக் காது பழகியவனிடம் வந்து பாட்டு வேறு, பந்து வேறு, ரொட்டி வேறு என்று பிரித்து எழுதச் சொன்னால் எப்படி முடியும்? எல்லாம் ஒரே பெட்டரியில் ஓடியவை. முரளி காலியில் 800-வது விக்கெட்டை எடுத்த 2010-ஐ நினைத்தாலே, அன்றைக்குக் கடையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டும் சேர்ந்துதான் வருகிறது.

இனி இரவல் கதைக்கு வருகிறேன். இதில் உங்களோடு ஒத்துப்போக முடியாது.

1952-ல் பி.வி. கேஸ்கர் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். அவர் காலத்தில் அகில இந்திய வானொலி படப்பாட்டை ஏறக்குறைய வாசலுக்கு வெளியே நிறுத்தியது. அவர்களே விவித பாரதி தொடங்க 1957 அக்டோபர் ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் இந்தியாக்காரர்கள் படப்பாட்டுக்குத் திருப்பியது சிலோன் ரேடியோவின் பக்கம். அந்தப் பழக்கம் பிறகும் போகவில்லை. மெட்ராஸில் பதிந்த பாட்டு கப்பலேறிக் கொழும்புக்கு வந்து, இங்கிருந்து காற்றில் ஏறித் தமிழ்நாட்டுக்கே திரும்பியது. அதன் அறிவிப்பாளர்கள் மயில்வாகனனும் கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் ராஜேஸ்வரி சண்முகமும் அங்கே வீட்டுப் பிள்ளைகளைப் போல அறியப்பட்டது அப்படித்தான். அவர்கள் பாட்டை நாம் இரவல் வாங்கினோம் என்றால், அதைக் கேட்கும் பழக்கத்தை அவர்கள் நம்மிடம் வாங்கினார்கள். கணக்கு நேர்.

நம் ஆட்களுக்கு அதில் இன்னொரு சங்கதி உண்டு. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில், நம் ஆட்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று எழுதினார்கள். அட்டனிலும் பதுளையிலும் அழுகைக் கோச்சி (பிரிவின் அழுகையோடு புறப்பட்ட ரயில்) ஏறித் தலைமன்னார் போனவர்களில் எங்கள் மாமா குடும்பமும் ஒன்று. அவர் தமிழ்நாட்டுக் கோத்தகிரியிலிருந்து எழுதும் கடிதத்தில் வீட்டுச் செய்தி இரண்டு வரி, மீதி எல்லாம் ரேடியோ. "நேத்து ராத்திரி இன்ன பாட்டுப் போட்டான், நீங்க கேட்டீங்களா?" என்று இருக்கும். அங்கே அவர் சிலோன்காரர். இங்கே நாங்கள் இந்தியாக்காரர். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் காதைக் கொடுக்க ஒரு நிலையம் இருந்தது. மத்திய அலை இரவில் வானத்தில் பட்டுத் திரும்பி வெகுதூரம் போகும் என்ற விஞ்ஞானத்தை நான் பிற்பாடு படித்தேன். மாமாவுக்கு அது தெரியாமலே தெரியும், பகலில் ரேடியோவைத் தொடவே மாட்டாராம்.

(எஃப்.எம். வந்து இந்தக் கதையை மாற்றிவிட்டது. சத்தம் சுத்தம், ஆனால் மலை மறைத்தால் அவ்வளவுதான். அட்டனிலிருந்து நுவரெலியா போகும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு பாட்டு கரகரத்துச் செத்துப் பிழைக்கும். சாரதிகள் ஏன் பென்ட்ரைவுக்கு மாறினார்கள் என்று இனிக் கேட்க வேண்டாம்.)

உங்கள் தோழிக்கும் ஒரு வார்த்தை. பைலா என்ற துள்ளல் பாட்டு போர்த்துக்கேயர் வந்துபோன கரையோரத்தில் ஊறியது. அதை நாடு முழுக்கப் பாட வைத்த வொலி பஸ்தியன் ஒரு பொலிஸ்காரர். யாழ்ப்பாணத்து நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் அந்தத் தாளத்தை எடுத்துத் தமிழில் பொப் பாடினார்கள். அதை இரவல் என்று யாரும் சொல்வதில்லை, ஈழத்துப் பொப்பிசை என்று பெருமையாகத்தான் சொல்கிறார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள். நம் தோட்டத்துப் பெடியன்கள் கோச்சியில் கதவோரம் நின்று, தகரத்தில் தட்டி, ஒரு எம்.ஜி.ஆர் பாட்டை பைலா தாளத்துக்கு இழுத்து, நானுஓயா வருவதற்குள் சிங்களப் பாட்டொன்றில் கொண்டுபோய் முடிப்பார்களே, அதற்கும் ஒரு பெயர் வைத்தால் என்ன? எம்.ஜி.ஆரே கண்டிப் பக்கம் பிறந்தவர். அதை எங்கள் கங்காணி தன் சொந்தச் சாதனைபோலச் சொல்லித் திரிவார்.

தப்பைப் பற்றி நீங்கள் சொன்னதில்தான் எனக்குக் கொஞ்சம் நெருடல். "தப்பு நம் கலாசாரம்" என்று மேடையில் சொல்லும் முக்கால்வாசிப் பேர் தப்பைத் தொட்டதில்லை. தொடத் தேவையில்லாத வீடுகளில் பிறந்தவர்கள். எங்கள் தோட்டத்தில் தப்படித்த பெரியவரைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். மாசி மாதம், காமன் கம்பம் ஊன்றிய பிறகு, இராப் பனியில் தோல் தளர்ந்துவிடும். காய்ந்த தேயிலைக் குச்சியான மிலாறைக் குவித்து நெருப்பு வைத்து, தப்பைத் தணலுக்கு மேலே சாய்த்துச் சுற்றிச் சுற்றிக் காட்டுவார். விரல் நுனியால் ஒரு தட்டு, காதைக் கிட்டக் கொண்டுபோவார், திரும்பவும் நெருப்பு. சுதி ஏறியதும் வீரபத்திரன் வரவுக்கு ஓர் அடி, எமனுக்கு வேறோர் அடி. ரதி அழும்போது கை பாதியாக இறங்கிவிடும். எல்லாம் கணக்கு. அவரைப்போல லயசுத்தமான ஆளை நான் பிறகு எந்தச் சபாவிலும் பார்க்கவில்லை. அதே மனுசன் சாவு வீட்டில் வாசலுக்கு வெளியே நின்றுதான் அடிக்க வேண்டும். தேத்தண்ணி தனிக் கோப்பையில். மகனைத் தப்பைத் தொடவே விடவில்லை, கொழும்புக்குக் கடை வேலைக்கு அனுப்பிவிட்டார். அந்த மகனிடம் போய்க் கலாசாரத்தைக் காப்பாற்று என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆகவே தப்பு, கூத்து மட்டும்தான் அசல், மற்றது இரவல் என்று பிரிக்க வேண்டாம். காமன் கூத்தே அக்கரையிலிருந்து கொண்டுவந்ததுதான். இங்கே வந்தபின் கட்டிய பாட்டுகளும் உண்டு. தலவாக்கலை எம்.பி.யாக இருந்த சி.வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் தொகுத்தார். அந்த வகையில் ஒரு பாட்டு, கோப்பிக் கன்று நட்ட மலையையும் அண்ணனைப் பறிகொடுத்த மலையையும் காட்டிக் காட்டிப் பாடும். கோப்பியை இலைநோய் தின்று நூற்றாண்டு தாண்டிவிட்டது, தேயிலை வந்துவிட்டது, பாட்டில் மட்டும் இன்னும் கோப்பிதான் நிற்கிறது. படப்பாட்டுக்கும் இதே கதி வரலாம். படம் மறந்துபோகும், திருவிழாவில் தேர் திரும்பும் இடத்தில் போட்ட பாட்டு என்று ஊருக்கு நினைவிருக்கும்.

இனிக் கூடை நடனம். எல்லா விழாவிலும் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பட்டுப் பாவாடை, உதட்டுச் சாயம், முதுகில் பொம்மைக் கூடை. இரண்டு விரலைக் காற்றில் ஆட்டிக்கொண்டே சிரிக்க வேண்டும். கயிறு எங்கே அழுத்தும், கொழுந்து ஈரமாக இருந்தால் கூடை எப்படிக் கழுத்தை இழுக்கும், இடுப்பில் படங்குத் துணி எதற்கு, நிறுக்கும் இடத்தில் கிலோ குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடும்போது முகம் எப்படிப் போகும் என்று அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களுக்குத் தெரியும். ஒருவரும் அவர்களிடம் கேட்டதில்லை. விருந்தினருக்குத் தேயிலைப் பெட்டி மேல் இருக்கும் படம் போதும்.

உங்கள் அதிபரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பி, அம்மாவிடமும் அப்பாயியிடமும் ஒரு பாட்டுக் கேட்டு வரச் சொல்லுங்கள். தாலாட்டோ, ஒப்பாரியோ, படப்பாட்டோ, எதுவானாலும் சரி. எங்கே, எப்போது, யாரோடு கேட்டது என்பதையும் சேர்த்துக் கேட்டு வர வேண்டும். மேடையில் பிள்ளை அதைச் சொல்லிவிட்டுப் பாடட்டும். பாட வராவிட்டால் சொன்னாலே போதும். இருபது நிமிடத்துக்கு இது தாராளம்.

தப்பு வேண்டுமென்றால் அடிக்கத் தெரிந்தவரை அழையுங்கள். அழைக்குமுன் அவருக்கு விருப்பமா என்று கேளுங்கள். நாட்டியத்துக்கு வெளியிலிருந்து வரும் ஆசிரியைக்கு என்ன கொடுக்கிறீர்களோ அதையே கையில் கொடுங்கள். மேடையில் கதிரை, அழைப்பிதழில் பேர், மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே கோப்பையில் தேத்தண்ணி. இதில் எதற்காவது பாடசாலை மறுத்தால் தப்பை விட்டுவிடுங்கள், ஒன்றும் குறையாது.

நேரம் மிஞ்சினால் கடைசியில் ஒரு பைலா போடுங்கள். அதிபர் முகத்தைச் சுளித்தால் என் பேரைச் சொல்லுங்கள்.