அமெரிக்காவில் நடக்கும் பிரபலங்களின் கோல்ஃப் போட்டிகளில் ஆடும் ஓய்வுபெற்ற வீரர்கள், தங்கள் சொந்த விளையாட்டில் உண்மையிலேயே பெரிய ஆட்களா?

பெரிய ஆட்கள்தான். ஆனால் யார் எவ்வளவு பெரியவர் என்று தெரிய வேண்டுமானால் ஸ்கோர்போர்டைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்.

அமெரிக்கப் போட்டிகளை வைத்துத்தான் கேட்டிருக்கிறீர்கள் என்பதால் நானும் அங்கேயே நிற்கிறேன். குறிப்பாக லேக் டாஹோவில் ஜூலை மாதம் நடக்கும் அமெரிக்கன் செஞ்சுரி சாம்பியன்ஷிப். நான் குடியிருக்கும் சாக்ரமெண்டோவிலிருந்து மலையேறினால் இரண்டு மணி நேரத்தில் அந்த ஏரி வந்துவிடும். ஆபீஸில் அந்த வாரம் வேறு பேச்சே இருக்காது. கிரிக்கெட் தவிர வேறெதுவும் தெரியாமல் வந்த எனக்கு பேஸ்பால், அமெரிக்கன் ஃபுட்பால், ஐஸ் ஹாக்கி மூன்றும் ஓரளவு பிடிபட்டது இந்தக் கோல்ஃப் வழியாகத்தான். "இந்த ஆள் யாரு?" என்று கேட்டுக் கேட்டே தெரிந்துகொண்டேன்.

1990-ல் தொடங்கிய போட்டி இது. இடம், நெவாடா–கலிஃபோர்னியா எல்லையில் ஏரிக்கரையை ஒட்டிய எட்ஜ்வுட் மைதானம். மூன்று நாள், 54 குழி. அடிகளை எண்ணுவதில்லை, புள்ளிதான்: அந்தக் குழிக்கென்று வகுத்த அடி எண்ணிக்கையிலேயே முடித்தால் (பார்) 1, ஓரடி குறைவாக முடிக்கும் பர்டிக்கு 3, இரண்டடி குறைவான ஈகிளுக்கு 6. ஓரடி கூடுதலான போகிக்கு ஒன்றும் இல்லை. அதைவிட மோசமென்றால் 2 கழிந்துவிடும். கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கும் மேலே இருப்பதால் காற்று லேசு, பந்து கூடுதலாகப் பறக்கும். 17-வது குழி கரையோரமாகவே போகிறது. அங்கே படகுகளை நிறுத்திவைத்து, கையில் பீரோடு நூற்றுக்கணக்கானோர் கத்திக்கொண்டிருப்பார்கள். கோல்ஃப் என்றால் மௌனம் என்று நினைப்பவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

இனி ஸ்கோர்போர்டின் அடியிலிருந்து ஆரம்பிப்போம். பல ஆண்டுகள் அங்கே நிரந்தரவாசி சார்ல்ஸ் பார்க்லி. அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் 1993-ன் மிகச்சிறந்த வீரர், 11 முறை ஆல்-ஸ்டார், 1992 பார்சிலோனாவிலும் 1996 அட்லாண்டாவிலும் ஒலிம்பிக் தங்கம், வாழ்நாள் கணக்கில் 23,757 புள்ளிகள். இத்தனைக்கும் சொந்தக்காரர் கோல்ஃப் மட்டையைத் தலைக்கு மேல் தூக்கி, கீழே இறக்கும்போது பாதி வழியில் அப்படியே நின்றுவிடுவார். உடம்பு ஒருமுறை குலுங்கும், மட்டை யோசிக்கும், பிறகு ஒரு வெட்டு. பந்து எந்தத் திசையில் போகும் என்பது அவருக்கும் தெரியாது, பக்கத்தில் நிற்பவர்களுக்கும் தெரியாது. ஹேங்க் ஹேனி என்ற பேர்பெற்ற பயிற்சியாளர் டி.வி. தொடராகவே எடுத்துத் திருத்தப் பார்த்தும் அப்போது அது போகவில்லை. அண்மைக் காலமாகத்தான் ஸ்விங் ஓரளவு தேறியிருக்கிறது. நெவாடாவில் பந்தயம் சட்டப்படி நடக்கும் தொழில். பார்க்லி முதல் 70 இடத்துக்குள் வருவாரா என்பதற்கே தனிப் பந்தயம் உண்டு. வருவேன் என்று தன் மீதே பணம் கட்டுகிறவர்களில் அவரும் ஒருவர்.

ஜெர்ரி ரைஸை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடியதில் மட்டும் 22,895 கெஜம், மொத்தம் 208 டச்டவுன், மூன்று சூப்பர் பௌல் (ஃபுட்பாலின் சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதி ஆட்டம்) வெற்றி. அமெரிக்கன் ஃபுட்பாலில் இவரைவிடப் பெரிய ரிசீவர் கிடையாது என்பதில் இங்கே பெரிய சண்டை வராது. கோல்ஃப் வெறி பிடித்து 2010-ல் தொழில்முறை ஆட்டக்காரர்களின் இரண்டாம் நிலைச் சுற்றிலேயே ஆடிப் பார்த்தார். அங்கே எண்ணுவது அடிகளைத்தான், குறைந்தால்தான் நல்லது. முதல் போட்டியில் 83, 76 அடித்து வெளியேறினார். இன்னொன்றில் அவருடைய கேடி (பை தூக்கும் உதவியாளர்) தூரம் பார்க்கும் கருவியைப் பயன்படுத்திவிட்டதால் தகுதி நீக்கமே செய்துவிட்டார்கள். அதே ஃபுட்பாலில் பந்தோடு ஓடி 18,355 கெஜம் கடந்த சாதனைக்காரர் எம்மிட் ஸ்மித்தும் டாஹோவுக்கு வருகிறவர்தான். வருவார், சிரிப்பார், கையெழுத்துப் போடுவார். மைக்கேல் ஜோர்டன்கூட ஒருமுறையும் அங்கே வென்றதில்லை. ஃபுளோரிடாவில் தனக்கென்று சொந்தமாக ஒரு மைதானமே கட்டிக்கொண்ட மனிதர் அவர்!

அப்படியானால் வெல்வது யார்?

ரிக் ரோடன், 8 முறை. இந்தப் பெயரை நான் சொன்னபோது என் அமெரிக்க நண்பர்களிலேயே பாதிப் பேர் முழித்தார்கள். டாட்ஜர்ஸ், பைரேட்ஸ், யாங்கீஸ், ஆஸ்ட்ரோஸ் என்ற பேஸ்பால் அணிகளுக்குப் பந்து வீசி 151 வெற்றி பெற்ற பிட்சர். நல்ல எண்தான், ஆனால் புகழ் மண்டபத்தில் சேர்க்கும் அளவுக்கான எண் இல்லை. சின்ன வயதில் காலில் எலும்புத் தொற்று வந்து, இரும்புப் பட்டை மாட்டிக்கொண்டு நடந்த பையன். வளர்ந்து மேஜர் லீகில் இரண்டு முறை ஆல்-ஸ்டார் ஆனார். எனக்கு அவரிடம் பிடித்த விஷயம் வேறு. பிட்சர்கள் பொதுவாக மட்டை பிடிக்கத் தெரியாதவர்கள், நம் ஊர்க் கணக்கில் பதினோராம் ஆள். இவர் தொடர்ந்து மூன்று ஆண்டு பிட்சர்களில் சிறந்த மட்டையாளர் விருது வாங்கியவர். 1988 ஜூன் மாதம் ஒருநாள் யாங்கீஸ் மேனேஜர் பில்லி மார்ட்டின், பந்துவீச்சாளருக்குப் பதிலாக அடிப்பதற்கென்றே இருக்கும் இடத்தில், இன்னொரு பந்துவீச்சாளரான ரோடனைப் போட்டார். அந்த விதி வந்ததிலிருந்து அப்படி ஒருவர் ஆட்டத்தைத் தொடங்கியது அதுவே முதல் தடவை. கேலிக்கூத்தாகத் தெரிந்தது, ஆனால் அவர் ஒரு ரன்னை உள்ளே கொண்டுவந்துவிட்டார்.

டேன் குவின், 5 முறை. இவர் கதையை மாரியோ லெமியூவோடு சேர்த்துச் சொன்னால்தான் ருசி. இருவரும் எண்பதுகளின் பிற்பாதியில் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் ஐஸ் ஹாக்கி அணியில் ஒன்றாக ஆடியவர்கள். லெமியூ அந்த ஆட்டத்தின் தெய்வங்களில் ஒருவர்: 690 கோல், கோலுக்கு உதவியதையும் சேர்த்தால் 1,723 புள்ளிகள், 1991, 1992 இரண்டு ஆண்டும் லீகின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை. 1993 தொடக்கத்தில் அவருக்கு ஹாட்ஜ்கின் புற்றுநோய் என்று தெரிந்தது. கடைசிக் கதிர்வீச்சுச் சிகிச்சையை முடித்த அன்று மாலையே விமானம் ஏறி ஃபிலடெல்ஃபியா போய் ஆடி ஒரு கோல் போட்டார். எதிரணி ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஃபிலடெல்ஃபியாக்காரர்கள் யாருக்கும் லேசில் கைதட்டுகிறவர்கள் இல்லை என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். இரண்டு மாதம் ஆடாமல் இருந்தும் அந்த சீசனில் அதிகப் புள்ளி எடுத்தவர் அவர்தான், 60 ஆட்டத்தில் 160. குவினோ முதல் கோப்பைக்கு ஓராண்டு முன்பே வேறு அணிக்கு மாற்றப்பட்டுவிட்டார். ஊர் ஊராக அணி மாறிக் கடைசிவரை கோப்பையைத் தொடாமலே ஓய்வு பெற்றார். டாஹோவில் கணக்கு வேறு. லெமியூ வென்றது ஒரே முறை, 1998-ல். குவினுக்கு ஐந்து. பிறகு தொழில்முறை கோல்ஃப் நட்சத்திரம் எர்னி எல்ஸுக்குக் கொஞ்ச காலம் கேடியாகவும் பை தூக்கினார்.

பில்லி ஜோ டாலிவர் 4 முறை வென்றார். பல ஃபுட்பால் அணிகளில் மாற்று ஆளாக உட்கார்ந்திருந்த குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) அவர். அல் டெல் கிரேகோ 2000-ல் வென்றார், 17 ஆண்டுகள் உதைப்பதே வேலையாக இருந்த கிக்கர். முதல் போட்டியை வென்ற மார்க் ரிப்பியன் மட்டும் வாஷிங்டனுக்கு சூப்பர் பௌல் வென்று கொடுத்து அந்த ஆட்டத்தின் சிறந்த வீரராகவும் தேர்வானவர். டாஹோவில் இரண்டாவது வெற்றிக்கு 24 ஆண்டு காத்திருந்து 2014-ல் பிடித்தார். ஜேக் வாக்னர் என்ற டி.வி. நடிகர்கூட இரண்டு முறை வென்றிருக்கிறார். விளையாட்டு வீரர்களுக்கு அது கொஞ்சம் உறுத்தியிருக்கும்.

ஏன் இப்படி? ஒரு காரணம் எல்லோரும் சொல்வது: நேரம். பேஸ்பாலில் தொடக்கப் பிட்சருக்கு ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் வேலை. சீசனுக்கு 162 ஆட்டம், பாதி வெளியூர். மற்றவர்கள் தினமும் மட்டை பிடிக்க, இவர் காலையில் கோல்ஃப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பலாம். அட்லாண்டா பிரேவ்ஸின் பிட்சர்கள் மேடக்ஸ், கிளாவின், ஸ்மோல்ட்ஸ் மூவரும் அப்படித்தான் தொண்ணூறுகளில் ஊர் ஊராக ஆடினார்கள். ஹாக்கிக்காரர்களுக்குக் கோடைகாலம் முழுக்க விடுமுறை. பெஞ்சில் உட்காரும் குவாட்டர்பேக்குக்கு உடம்பு தேயாது.

இன்னொரு காரணம் என்னுடைய சொந்தக் கணக்கு. பிட்சர், குவாட்டர்பேக், கிக்கர், டென்னிஸில் சர்வ் போடுகிறவர், இவர்கள் எல்லோருக்கும் ஆட்டம் தங்கள் கையிலிருந்து, அல்லது காலிலிருந்து, தொடங்குகிறது. அவர்கள் அசையும்வரை மைதானமே காத்திருக்கும். ஒரே அசைவை ஆயிரம் முறை அதே மாதிரி செய்து பழகிய உடம்பு. அசையாமல் கிடக்கும் பந்தின் முன்னால் நிற்கும்போது அந்தப் பழக்கம் கைகொடுக்கிறது. ரைஸும் ஸ்மித்தும் பார்க்லியும் எதிரி செய்வதற்குக் கண்ணிமைப்பதற்குள் பதில் கொடுத்து மேதையானவர்கள். கோல்ஃபில் பதில் கொடுக்க எதிரியே இல்லை. ஹாக்கி இந்தக் கணக்கில் சரியாகப் பொருந்தவில்லை என்று நீங்கள் கமெண்டில் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். மட்டையைச் சுழற்றுவதில் உள்ள ஒற்றுமைதான் அங்கே காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டு பக்கமும் பெரியவர்களாக இருப்பவர்களும் உண்டு. ஜான் ஸ்மோல்ட்ஸ் 213 வெற்றி, 154 சேவ் (கடைசியில் வந்து அணியின் முன்னிலையைக் காப்பாற்றிய ஆட்டங்கள்). 200 வெற்றியும் 150 சேவும் சேர்த்து வைத்திருக்கும் ஒரே பிட்சர், 2015-ல் புகழ் மண்டபத்தில் சேர்ந்தார். 2018-ல் 51 வயதில், தகுதிச் சுற்றில் ஜெயித்து, 50 தாண்டிய தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கான யு.எஸ். சீனியர் ஓப்பனிலேயே இறங்கினார். 85, 77 என்று முடிந்து பாதியில் வெளியே வர வேண்டியதாயிற்று. டாஹோவிலும் 2021-ல் புள்ளிகள் சமமாகி, முன்னாள் கூடைப்பந்து வீரர் வின்னி டெல் நீக்ரோவிடம் பிளேஆஃபில் தோற்றார். புது வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் ட்ராஃப்டில் யாரும் எடுக்காமல் டல்லாஸ் கௌபாய்ஸ் ஃபுட்பால் அணிக்குள் நுழைந்து 34,183 கெஜம் வீசிய டோனி ரோமோ டாஹோவில் மூன்று முறை வென்றவர். அவரும் 2018-ல் அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃபின் உச்சமான பி.ஜி.ஏ. சுற்றின் போட்டி ஒன்றில் ஆடி 77, 82 என்று கடைசி இடத்தில் நின்றார். பிரபலங்களில் முதலிடத்துக்கும் தொழில்முறையில் கடைசி இடத்துக்கும் நடுவே உள்ள தூரம் அவ்வளவு.

மார்க் மல்டர் விஷயம் கொஞ்சம் மனதைப் பிசையும். ஓக்லாந்து ஏ'ஸ் பேஸ்பால் அணியில் ஹட்சன், ஜிட்டோவோடு சேர்ந்து மூன்று பிட்சர்களின் கூட்டணி. 2001-ல் 21 வெற்றி. பிறகு தோள்பட்டை ஒத்துழைக்காமல் முப்பதுகளின் தொடக்கத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது. 2014-ல் திரும்பி வரப் பார்த்தார், பயிற்சி முகாமின் தொடக்கத்திலேயே குதிகால் தசைநார் அறுந்தது. அடுத்த ஆண்டிலிருந்து 2015, 2016, 2017 என மூன்று ஆண்டும் டாஹோ கோப்பை அவருக்கே.

ஆனால் இந்த மொத்தக் கூட்டத்தில் ஒரே ஒருவரைப் பற்றிப் படியுங்கள் என்றால் நான் மார்டி ஃபிஷைத்தான் சொல்வேன். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் டென்னிஸ் ஒற்றையரில் வெள்ளி. இறுதியில் சிலியின் மாசுவிடம் ஐந்து செட் ஆடித் தோற்றார். 2011-ல் உலகத் தரவரிசையில் 7-ம் இடம். மறு ஆண்டு யு.எஸ். ஓப்பன் நான்காம் சுற்றில் ஃபெடரரை எதிர்த்து ஆட வேண்டிய நாளில், ஸ்டேடியத்துக்குப் போகும் வழியிலேயே கடுமையான பதற்றம் தாக்கி ஆடாமல் திரும்பினார். பிறகு அதை மறைக்காமல் எழுதினார், பேசினார். மனநோய் என்றால் வாயைத் திறக்காத ஆண் விளையாட்டு உலகில் அது சின்ன காரியமில்லை. 2020-ல் கொரோனா காரணமாகப் பார்வையாளரே இல்லாத டாஹோவில் கடைசி நாள் 18 குழியையும் 63 அடியில் முடித்து வென்றார்.

2023-ல் கூட்டம் இருந்தது. கடைசிக் குழி, எதிரில் இன்னும் ஓய்வே பெறாத கூடைப்பந்து வீரர் ஸ்டெஃபன் கரி. ஃபிஷ் மட்டையைப் பின்னால் தூக்கும் அந்த நொடியில் கூட்டத்திலிருந்து எவனோ ஒருவன் கத்தினான். பந்து தடம் மாறிவிட்டது. கரி ஈகிளுக்காகப் பந்தை நீளமாக உருட்டிக் குழிக்குள் தள்ளிவிட்டு, தொப்பியைக் கழற்றி எறிந்து ஓடினார். புள்ளி 75-க்கு 73. பதற்றத்தோடு இத்தனை ஆண்டு போராடிய ஒருவருக்கு வேண்டுமென்றே செய்த மாதிரி இருந்தது அந்தக் கத்தல். எனக்கு இன்றுவரை எரிச்சல். மறு ஆண்டு ஃபிஷ் திரும்ப வந்து கோப்பையை எடுத்துக்கொண்டார்.

நம் பக்கம் ஒரு பெயர் கட்டாயம் வரும்: கபில் தேவ். 434 டெஸ்ட் விக்கெட்டோடு 1994-ல் ஓய்வு பெற்ற பிறகு கோல்ஃபில் முழுதாக இறங்கிவிட்டார், 2024-ல் இந்தியத் தொழில்முறை கோல்ஃப் சுற்றின் தலைவராகவும் ஆனார். அவரும் பந்து வீசுகிறவர்தானே, என் கணக்குக்குச் சாதகம்.

கடைசியாக 2025-ல் டாஹோவில் வென்றவர் ஜோ பவெல்ஸ்கி. 2003 ட்ராஃப்டில் 205-வது ஆளாக எடுக்கப்பட்ட ஹாக்கி வீரர், 476 கோல். ஸ்டான்லி கோப்பைக்கான ப்ளேஆஃப் சுற்றுகளில் அமெரிக்காவில் பிறந்தவர்களிலேயே அதிகக் கோல் அவருடையது, ஆனால் அந்தக் கோப்பை மட்டும் இல்லை. குவினைப் போல. அடுத்த ஜூலையில் பார்க்க உட்கார்ந்தால் முதலில் அவரைத் தேடுங்கள். பார்க்லியைத் தேட வேண்டியதில்லை, கேமராவே காட்டிவிடும்.