எஃப்-1 விசாவில் இருக்கும் இந்திய மாணவர் அமெரிக்க வரியில் நிலையான கழிவைக் கோரலாமா?

கோரலாம். நிலையான கழிவு என்பது வரி கணக்கிடும் முன் வருமானத்தில் கழித்துக்கொள்ளும் ஒரு நிர்ணயித்த தொகை. வெளிநாட்டவராக (நான்-ரெசிடென்ட்) வரிக்கணக்குத் தாக்கல் செய்பவர்களுக்குப் பொதுவாக நிலையான கழிவு கிடையாது. ஆனால் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21(2) பிரிவு இந்திய மாணவர்களுக்கு அதைத் தருகிறது. 2025 வருமானத்துக்குத் தனிநபருக்கான நிலையான கழிவு 15,750 டாலர். அந்த ஆண்டு ஜூலையில் வந்த சட்டத்துக்கு முன் 15,000 ஆக இருந்தது. பழைய தொகையைப் பார்த்து நிரப்பிவிடாதீர்கள்.

சம்பளம் 22,000 டாலர் என்றால், கழிவு போக 6,250க்குத்தான் வரி: சுமார் 630 டாலர். கழிவைக் கோராமல் விட்டால் சுமார் 2,400!

பலர் தவறுவது படிவத்தில். எஃப்-1இல் வந்த முதல் 5 காலண்டர் ஆண்டுகள் நீங்கள் பொதுவாக வரிக்கணக்கில் வெளிநாட்டவர்தான். டிசம்பரில் இறங்கியிருந்தாலும் அது ஒரு முழு ஆண்டாகவே எண்ணப்படும். எனவே 1040-என்ஆர் படிவம்தான் சரி. மலிவான மென்பொருள்கள் பலவும் குடியிருப்போருக்கான 1040ஐத்தான் நிரப்பும். அப்படி அனுப்பிவிட்டிருந்தால் 1040-எக்ஸ் மூலம் திருத்துங்கள். 8843 படிவத்தையும் (நீங்கள் ஏன் வெளிநாட்டவராக எண்ணப்படுகிறீர்கள் என்று விளக்குவது) சேர்த்து அனுப்புங்கள். வருமானமே இல்லாவிட்டாலும் அது வேண்டும்.

நிறுவனம் தரும் ஆண்டுச் சம்பளப் படிவமான டபிள்யூ-2இல் 4, 6 ஆகிய பெட்டிகளையும் பாருங்கள். விசா விதிக்கு உட்பட்ட வேலைக்கு, இந்த 5 ஆண்டுகளில் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி (மொத்தம் 7.65%) பிடிக்கக் கூடாது. பிடித்திருந்தால் முதலில் நிறுவனத்திடம் கேளுங்கள். அவர்கள் தராவிட்டால் 843, 8316 படிவங்களை ஐஆர்எஸ்ஸுக்கு (அமெரிக்க வரித் துறை) அனுப்பலாம்.