இரண்டு கம்ப்யூட்டரில் ஒரே ஃபைல்: எந்த கிளவுட் சேவை?

திருப்பூர் ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர், அவிநாசி வீட்டில் ஒரு லேப்டாப். இரண்டிலும் ஒரே ஃபைல்கள் இருக்க எந்தச் சேவை நல்லது என்பது கேள்வி.

இந்தச் சேவைகள் செய்யும் வேலைக்குப் பெயர் சிங்க். அது, மண்டியில் கணக்குப்பிள்ளை ஒரு வரி எழுதினால் வீட்டு நோட்டிலும் அதே வரி தானாக விழுகிற மாதிரி. நடுவில் சேவை நிறுவனத்தின் சர்வரில் (இணையம் வழியாக எட்டும் கம்ப்யூட்டரில்) ஒரு பிரதி இருப்பதால், இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் ஓட வேண்டியதில்லை.

இலவச இடம்: கூகுள் டிரைவ் 15 ஜிபி (ஜிமெயிலும் அதிலேதான் பங்கு கேட்கும்), ஒன்டிரைவ் 5, டிராப்பாக்ஸ் 2. இடத்தை மட்டும் பார்க்காதீங்க. பெரிய பனியன் டிசைன் ஃபைலைத் திருத்திக்கொண்டே இருப்பவர் என்றால், முழு ஃபைலையும் திரும்ப ஏற்றாமல் மாறிய பகுதியை மட்டும் ஏற்றுகிற சேவையாகப் பார்த்து எடுங்க; டிராப்பாக்ஸும் ஒன்டிரைவும் அப்படிச் செய்யும். எக்செல்தான் பிழைப்பு என்றால் யோசிக்காமல் ஒன்டிரைவ்; இரண்டுமே மைக்ரோசாஃப்டுடையவை.

பலர் இதை பேக்கப் (பாதுகாப்புக்காகத் தனியே வைக்கும் நகல்) என்று நினைக்கிறார்கள். இல்லைங்க, மண்டி நோட்டில் அடித்துவிட்ட வரி வீட்டு நோட்டிலும் அடிபட்டுவிடும்; ஒரு கம்ப்யூட்டரில் அழித்த ஃபைல் மற்றதிலும் அழிந்துவிடும்.