ஆறு நாள் மாத்திரை விட்டுப்போனால் ஹெபடைட்டிஸ் சி வைரஸ் மருந்துக்குப் பழகிவிடுமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 51. ஹெபடைட்டிஸ் சி என்னும் கல்லீரல் வைரஸ் தொற்றுக்காக சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர் இரண்டும் சேர்ந்த மாத்திரையை 12 வாரம் சாப்பிட்டு வருகிறார். ஏழாவது வாரத்தில் சம்பா அறுவடை நடந்தபோது ஆறு நாள் விட்டுவிட்டார். வைரஸ் மருந்துக்குப் பழகியிருக்கும், இனி எந்த மருந்தும் பிடிக்காது என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: இன்றே மாத்திரையைத் தொடரச் சொல்லுங்கள். முதல் நான்கு வாரங்கள் ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகு ஏழு நாள் வரை விட்டுப்போனால், உடனே மீண்டும் தொடங்கி எஞ்சிய மாத்திரைகளை முடிப்பதே நடைமுறை. விட்ட நாளுக்கு ஈடாக ஒரே நாளில் இரண்டு மாத்திரை சாப்பிடக் கூடாது. எட்டு நாளோ அதற்கு மேலோ விட்டிருந்தால், ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டியிருக்கும். எப்படியானாலும், நடந்ததைச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

உறவினர்களின் அச்சத்தில் பாதி உண்மை உண்டு. சிகிச்சை பெறாதவர் உடலில் இந்த வைரஸ் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி பிரதிகளை உருவாக்குகிறது. பிரதி எடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் வசதி அதற்கு இல்லாததால், வெல்படாஸ்விருக்கு ஓரளவு தாக்குப்பிடிக்கும் வகைகளும் அந்தக் கூட்டத்தில் பிறந்துவிடுகின்றன. ஆனால் சோஃபோஸ்புவிரை எதிர்க்கும்படி மாறும் வைரஸ் பெருகும் திறனையே பெரிதும் இழந்துவிடுவதால், அத்தகைய எதிர்ப்பு மிக அரிது. இரண்டையும் சேர்த்துத் தருவதன் காரணம் இதுதான். ஏழாவது வாரத்தில் பெரும்பாலானோரின் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருக்கும் என்பதும் உங்களுக்குச் சாதகமானது.

ஆறு நாள் இடைவெளியைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. வயல் வேலைக்குப் போகும் பலர் காலையில் வெறும் வயிற்றில் 'கேஸ் மாத்திரை' போட்டுக்கொள்வதை நம் பகுதியில் தினமும் பார்க்கிறேன்; மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் அந்தப் பான்டோப்ரசோல், மருத்துவரிடம் சொல்ல வேண்டிய மருந்தாகவே யாருக்கும் தோன்றுவதில்லை. வெல்படாஸ்விர் கரைந்து உடலில் சேர இரைப்பையில் அமிலம் வேண்டும். கேஸ் மாத்திரையால் அமிலம் குறைந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவும் குறையும். அந்தக் குறைந்த அளவில்தான் எதிர்ப்பு வகைகள் தப்பிப் பெருகுகின்றன. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாய்ன், கார்பமாசெபைன் ஆகியவையும் இந்த மருந்துகளின் அளவைப் பெரிதும் குறைத்துவிடும் என்பதால், இவற்றோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது. வீட்டில் அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அனைத்தையும், கீழாநெல்லிப் பொடி இருந்தால் அதையும், ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். வலிப்பு மாத்திரை இருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சிகிச்சை முடிந்து 12 வாரம் கழித்து, ரத்தத்தில் வைரஸின் அளவைப் பார்க்கும் 'வைரல் லோடு' பரிசோதனை அவசியம். வைரஸை எதிர்த்து உடல் உருவாக்கும் புரதத்தைப் பார்க்கும் ஆன்டிபாடி பரிசோதனை இதற்குப் பயன்படாது. குணமான பிறகும் அது பெரும்பாலும் பாசிட்டிவ் என்றே காட்டும். வைரஸ் திரும்பியிருந்தால், அதே மாத்திரையைக் கடையில் வாங்கி மீண்டும் தொடங்க வேண்டாம். எதிர்ப்பு மாற்றங்கள் உடலில் பல ஆண்டுகள் தங்கக்கூடியவை. வோக்சிலாப்ரெவிர் என்னும் மூன்றாவது மருந்தையும் சேர்த்து 12 வாரம் தரும் சிகிச்சை அத்தகையவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோரைக் குணப்படுத்துகிறது. அவர் டயாலிசிஸ் செய்துகொள்பவராக இருந்தால், அங்கே மறுபடி தொற்றவும் வாய்ப்புண்டு என்பதால், திரும்பியது பழைய வைரஸா, புதிய தொற்றா என்பதையும் பார்க்க வேண்டும். 2018-இல் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சி (ஹெபடைட்டிஸ்) கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அதற்கான மையம் எங்கே உள்ளது என்பதை அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள்.