முகத்தின்மேல் ஒரு கவிதை

கேள்வி: ஈரானியக் கலைஞர் ஷிரின் நெஷாத்தின் சுய உருவப் படங்களில் முகமெல்லாம் எழுத்தாக இருக்கிறதே, மருதாணியா?

பதில்: இல்லை. அச்சிட்ட கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தின்மேல் அவர் மையால் எழுதியவை. 'விமன் ஆஃப் அல்லா' (1993-97) என்ற வரிசையில் வருபவை. அதில் 1993-ல் செய்த 'ஆஃபர்டு ஐஸ்' படத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: ஒற்றைக் கண், அதன் வெண்விழியில் எறும்புச் சாரிபோலப் பாரசீக வரிகள். ஈரானியப் பெண் கவிஞர் ஃபொரூக் ஃபரோக்சாத்தின் கவிதை அது. 1967-ல் இறந்துபோன அவருடைய எழுத்தை 1979 இஸ்லாமியப் புரட்சிக்குப் பின் ஈரானில் தடைசெய்தார்கள்.

ஆனால் எல்லா வரியும் எதிர்ப்பு வரி அல்ல. 1994-ன் 'ரெபெலியஸ் சைலன்ஸ்' படத்தில் துப்பாக்கிக் குழல் முகத்தை இரண்டாக வகுக்கிறது; முகத்தில் இருப்பதோ அந்தப் புரட்சியை ஆதரித்த கவிஞர் தாஹெரே சஃபர்சாதேயின் கவிதை. பாரசீகம் தெரியாதவருக்கு இரண்டுமே பூவேலையாகத்தான் தெரியும். அதுதான் பெரிய இழப்பு.

கேள்வி: என் படத்தில் தமிழில் எழுத ஆசை. எந்தத் தாள், எந்த மை?

பதில்: பளபளப்புத் தாள் வேண்டாம், மை ஒட்டாமல் முத்து முத்தாகத் திரளும். மேட் தாளில், பிக்மென்ட் மை (நிறத்துகள் கலந்த மை) கொண்ட பிரின்டரில் 16×20 அங்குலத்துக்கு மூன்று பிரதி போடுங்கள். சாய மை பிரின்ட் ஈரம் பட்டால் கலங்கிவிடும். எழுத 0.1 அல்லது 0.2 மி.மீ. பிக்மென்ட் பேனா போதும். முதல் பிரதி பாழாகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முகத்தின்மேல் டிரேசிங் தாளை விரித்து, நெற்றியில் எத்தனை வரி, கன்னத்தில் எத்தனை வரி பிடிக்கும் என்று முதலில் எழுதிப் பாருங்கள். வரி கன்னத்தின் வளைவோடு வளைய வேண்டும். நேர்கோட்டில் எழுதினால் முகத்துக்கு முன்னால் கண்ணாடி வைத்து எழுதியதுபோல எழுத்து தனியே மிதக்கும். கைக்கு அடியில் வெள்ளைத் தாள் கட்டாயம். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் மை விட்டு விட்டுத்தான் ஓடும். மேலிருந்து கீழே எழுதுங்கள்.

தமிழுக்கென்று ஒரு தொல்லை உண்டு. எழுத்து 3 மி.மீ.க்குக் கீழே போனால் 'ண'வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். தலைமுடி, புருவம் போன்ற கறுப்புப் பகுதியில் புள்ளி காணாமல் போகும். 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். தடுக்கப்பட்ட ஒரு சொல்லை எழுதப் போய் அதையே பிழையாக எழுதலாமா? அங்கெல்லாம் வெள்ளை மை, அல்லது வெற்றிடம்.

கேள்வி: நேரே முகத்திலேயே எழுதினால்?

பதில்: சீனக் கலைஞர் ஜாங் ஹுவான் நியூயார்க்கில் செய்த 'ஃபேமிலி ட்ரீ' அப்படிப்பட்டதுதான். மூன்று எழுத்தர்கள் அவர் முகத்தில் எழுதிக்கொண்டே போக, ஒன்பதாவது படத்தில் முகம் முழுக்கக் கறுப்பு. ஒரு எழுத்தும் படிக்க முடியாது. நீங்கள் செய்தால் முகப்பூச்சுச் சாயம் மட்டும் பயன்படுத்துங்கள்; பேனா மை தோலுக்கு ஆகாது. ட்ரைபாடையும் நாற்காலியையும் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். தலை சற்று நகர்ந்தாலும் படங்கள் ஒன்றோடொன்று பொருந்தா.