முதலில் தளர்வது சிரையின் சுவரா, வால்வா? (கேள்வி பதில்)

கேள்வி: ஐயா, என் காலில் உள்ள நரம்புச் சுருட்டுக்கு வால்வு பழுதானதே காரணம் என்கிறார்கள். இரத்தக் குழாயின் சுவருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: நிறையவே உண்டு. பேச்சு வழக்கில் நரம்பு என்று சொன்னாலும், சுருண்டிருப்பது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் சிரையே. அதன் சுவரில் மூன்று உறைகள் இருக்கின்றன. இரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கும் வால்வுகள் உள்ளுறையின் மடிப்புகளே. நடுவுறையில் மென்தசையும், அதனிடையே கொலாஜன், எலாஸ்டின் என்னும் புரத இழைகளும் உள்ளன. வெளியுறை பெரும்பாலும் நார்த்திசுவால் ஆனது. சுருண்ட சிரையை நுண்ணோக்கியில் பார்த்தால் எலாஸ்டின் இழைகள் அறுபட்டும், மென்தசைக் கட்டுகளுக்கிடையே கொலாஜன் புகுந்து அவற்றைப் பிரித்தும் கிடக்கும். அத்தகைய சிரையிலிருந்து எடுத்து வளர்த்த தசைச் செல்கள், நெகிழ்வுக்கு வேண்டிய மூன்றாம் வகைக் கொலாஜனைக் குறைவாகவே உண்டாக்குவதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஆகவே சுவர் சில இடங்களில் தடித்தும் சில இடங்களில் மெலிந்தும் போகிறது. தடித்த இடத்திலும் வலு கூடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: அப்படியென்றால் வால்வு கெடுவது பிறகுதானா?

பதில்: தொடையிடுக்கில் உள்ள வால்வு முதலில் கெட்டு, பாதிப்பு படிப்படியாகக் கீழே இறங்குகிறது என்பது பழைய விளக்கம். ஆனால் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில், நன்றாக மூடும் வால்வுக்குக் கீழேயே சிரை புடைத்திருப்பதையும், காலின் உட்புறம் நெடுக ஓடும் முதன்மைச் சிரை சீராக இருக்கக் கிளைகள் மட்டும் சுருண்டிருப்பதையும் பலரிடம் காண முடிகிறது. எனவே பலருக்குச் சுவரே முதலில் தளர்கிறது என்பது என் கருத்து. சுவர் அகன்றால் வால்வின் இரு இதழ்களும் ஒன்றையொன்று தொட முடியாது. கதவு நன்றாகவே இருக்கிறது, அதன் நிலைச்சட்டம்தான் விரிந்துவிட்டது. இரத்தம் கீழ்நோக்கிக் கசியத் தொடங்கியதும் அழுத்தம் கூடுகிறது. குழாயின் ஆரம் கூடக்கூட அதே அழுத்தத்திலும் சுவரின் மேல் விழும் இழுவிசை பெருகுவதால், ஒருமுறை விரிந்த சிரை மேலும் விரிவது எளிதாகிவிடுகிறது. அது நீளவாட்டிலும் வளர்வதால்தான் நேராகக் கிடக்க இடமின்றி வளைந்து நெளிகிறது.

கேள்வி: முதன்மைச் சிரையைவிடக் கிளைகள் அதிகம் புடைப்பது ஏன்?

பதில்: முதன்மைச் சிரை இரு திசுப்படலங்களுக்கிடையே உறைபோட்டதுபோல் ஓடுகிறது, அதன் தசைச்சுவரும் தடிப்பானது. கிளைகளோ தோலடிக் கொழுப்பில், அணைப்பு ஏதுமின்றிக் கிடக்கின்றன.

கேள்வி: துணிக்கடையில் நாள் முழுதும் நிற்கிறேன். அதனால்தான் வந்ததா?

பதில்: அசையாமல் நிற்கையில் கணுக்கால் சிரையில் ஏறத்தாழ 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் இருக்கும், நடந்தால் கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளுவதால் அது பாதிக்கும் கீழே குறையும். நிற்பது மட்டுமே நோயை உண்டாக்கும் என்று சொல்ல இயலாது. பரம்பரையாகச் சுவர் தளர்ந்தவர்களுக்கு அது வேகத்தைக் கூட்டுகிறது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் வந்திருப்பதை உங்கள் முதலாளிக்கு நினைவூட்டலாம்.

கேள்வி: கர்ப்ப காலத்தில் வந்தது, பிரசவத்துக்குப் பின் தானே குறையுமா?

பதில்: பெரும்பாலும் ஓரளவு குறையும். புரோஜெஸ்டிரான் என்னும் ஹார்மோன் மென்தசையைத் தளர்த்துவதும், இரத்த அளவு கூடுவதும், கருப்பை வயிற்றுச் சிரைகளை அழுத்துவதும் அப்போது சேர்ந்துகொள்கின்றன.

கேள்வி: தைலம் தேய்த்தால் சுருள் மறையுமா?

பதில்: மறையாது. அறுபட்ட எலாஸ்டின் தைலத்தால் மீண்டும் ஒட்டாது. அழுத்தக் காலுறை கூட அணிந்திருக்கும் வரை வெளியிலிருந்து தாங்குமேயன்றிச் சுவரைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது. அதனால்தான் லேசர் சிகிச்சையில் அந்தச் சிரையைச் சீர்செய்யாமல் அடைத்தே விடுகிறார்கள்.